தாத்தாவின் நிலக்கரி அடுப்பு மாடத்துக்குள் நுழையவில்லை: ஓர் அங்குலத்தை எங்கே அறுப்பது?

ராயபுரம் மாடிவீடு (ஞாயிறு காலை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ராயபுரத்தில், தாத்தா காலத்தில் வாங்கியது. சமையலறையின் கிழக்குச் சுவருக்குள் வளைவு வைத்துக் கட்டிய பழைய அடுப்பு மாடம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே செங்கல் புகைபோக்கி. எரிவாயு வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. இத்தனை நாளும் உள்ளே அரிசி டிரம்தான் உட்கார்ந்திருந்தது.

தாத்தா துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். அந்தக் கடையின் வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்பு பின்கட்டில் முப்பது ஆண்டுகளாகக் காக்கை எச்சத்தில் கிடந்தது. போன மாதம் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுக்கத்தான் இருந்தேன். அம்மா வாசலுக்கு வந்து, "அது சோறு போட்ட அடுப்பு" என்றார். காயலான் கடைக்காரரே "வேண்டாம்மா" என்று தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, மாடத்திலேயே பொருத்திவிடலாம் என்று அளந்து பார்த்தேன். அடுப்பின் அகலம் 22 அங்குலம், மாடத்தின் அகலம் 21. அடுப்பின் உயரம் காலோடு சேர்த்து 19. மாடத்தின் தரையிலிருந்து வளைவு வரை 30. மீதி 11 அங்குலத்தில் எங்கள் ஆட்டுக்கால் பானை நுழையாது, மூடியோடு அது 13 இருக்கிறது. அடுப்பின் பின்பக்கம் 4 அங்குல வட்டப் புகைவாய். அதற்குப் பின்னால் சுவர் வரை கிடைப்பது 4 அங்குலம்தான், குழாய் வளைவு திரும்பாது.

இருபக்க விளிம்பிலும் அரை அங்குலம் கிரைண்டர் வைத்து அறுப்பது, கால்களை மூன்று அங்குலம் வெட்டுவது, புகைவாயை அடைத்து முன்பக்கமே புகை விடுவது, இதுதான் என் திட்டம். செய்யலாமா?

மின்அடுப்புக் கட்சி

இண்டக்ஷன் அடுப்பு வாங்குங்கள். 22 அங்குலமும் வேண்டாம், புகைவாயும் வேண்டாம்.

ராயபுரம் மாடிவீடு

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள், வாங்குகிறேன்.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

தம்பி, நான் பேசின் பிரிட்ஜ் ரயில் இன்ஜின் ஷெட்டில், இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்தவன். கரியோடு பேசியே பாதி ஆயுள் போனது. உங்கள் திட்டத்தில் மூன்று வெட்டு இருக்கிறது. மூன்றும் தவறு.

முதலில் கால். அது அழகுக்கு வைத்தது இல்லை. விறகு தன் சாம்பல் மேலேயே கிடந்து எரியும், காற்று மேலிருந்து வந்தாலும் போதும். நிலக்கரிக்கு அது ஆகாது. கிராதிக்கு, அதாவது கரியைத் தாங்கும் கம்பித் தட்டுக்கு, கீழிருந்து காற்று ஏறி, கரிப்படுகைக்குள் நுழைந்து மேலே போக வேண்டும். காலை வெட்டினால் சாம்பல் தட்டு தரையோடு ஒட்டிக்கொள்ளும், காற்றுவழி குறுகும். அரை மணி நேரத்தில் சாம்பல் கிராதியைத் தொட்டுவிடும். கீழிருந்து வரும் காற்றுதான் கிராதிக் கம்பியைக் குளிர வைக்கிறது. அது நின்றால் கம்பி சிவந்து நடுவில் தொங்கிவிடும். இன்ஜினில் ஆஷ்பேனை, அதாவது சாம்பல் தட்டை, சுத்தம் செய்யாமல் விட்ட ஒருவனுக்கு நடுவழியில் கிராதி உருகிய கதை எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருவன் யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, விளிம்பை அறுத்து 21 அங்குல இடத்தில் 21 அங்குல அடுப்பை இறுக்குவது. இரும்பு சூட்டில் நீளும். 22 அங்குலம் என்றால் 560 மில்லிமீட்டர். 400 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் ஒன்று சுவர் பிளக்கும், இல்லையென்றால் அடுப்பு பிளக்கும்.

மூன்றாவது, புகைவாயை அடைத்து வீட்டுக்குள் புகை விடுவது. அதை எழுதியதற்கே உங்களைத் திட்ட வேண்டும். அம்மா இருக்கும் வீடு.

கொருக்குப்பேட்டைப் பாட்டி

பெரியவர் சொல்வது சரிதான். ஆனால் இவ்வளவு பயமும் வேண்டாம் தம்பி. நாங்கள் குமுட்டி அடுப்பில்தான் ஐந்து பிள்ளைகளுக்குச் சமைத்தோம். வாசலில் வைத்து, செத்தையும் வரட்டியும் போட்டுப் பற்றவைப்போம். முதலில் கண் எரிகிற புகை வரும். அது அடங்கி, கரி எல்லாம் கங்கானதும் துணியால் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போவோம். புகை போன பிறகு ஒரு தொந்தரவும் கிடையாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கட்டிகள் வந்த காலத்தில் இன்னும் சுலபம், ஒருமுறை பிடித்துவிட்டால் சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஆகி வெந்நீரும் ஆகும்.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

அம்மா, உங்கள் கைப்பக்குவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "புகை போன பிறகு தொந்தரவு இல்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். புகை தெரிகிற வரை நமக்குக் கண் எரிகிறது, விலகி நிற்கிறோம். புகை அடங்கிக் கங்கு சிவந்த பிறகும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இருட்டில் கரிப்படுகையை உற்றுப் பாருங்கள். சிவந்த கங்குக்கு மேலே மெல்லிய நீலச் சுடர் நாக்கு நாக்காக ஆடும். அடிக்கரியில் காற்று பட்டு உண்டான கார்பன் டை ஆக்சைடு மேலே ஏறும்போது, கங்கிலேயே மீண்டும் பட்டு மோனாக்சைடாக மாறுகிறது. மேலே போதிய காற்றும் சூடும் இருந்தால் அது நீலமாக எரிந்து தீரும். சுடர் இல்லாமல் கங்கு மட்டும் மினுங்கினால் எரியாத வாயு அப்படியே அறைக்குள் வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. உங்களைக் காப்பாற்றியது அந்தக் காலத்து ஓட்டுக்கூரையின் இடுக்குகள். இன்றைய காங்கிரீட் வீட்டில் அந்த இடுக்கு இல்லை.

திருவொற்றியூர் தேரடி

பெரியவர் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரமும் இல்லை, எரிவாயு உருளையும் தீர்ந்துவிட்டது. இஸ்திரி போடும் அண்ணனிடம் அரைக் கோணி கரி வாங்கிக் குமுட்டியைப் பற்றவைத்தேன். சாரல் அடிக்கிறது என்று நான்தான் சன்னலைச் சாத்தினேன். கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அடுப்பை அறையிலேயே விட்டுப் படுத்துவிட்டோம்.

இரவில் சின்னவள் வாந்தி எடுத்தாள். பட்டினியில் கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அடுத்து என் மனைவிக்குத் தலைவலி. நான் எழுந்தேன், முழங்கால் மடங்கியது. கதவைத் திறந்ததும்தான் தலை தெளிந்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது கஞ்சியால் வந்ததல்ல என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் துளிப் புகை இல்லை. கங்கு அழகாகத்தான் இருந்தது.

கொருக்குப்பேட்டைப் பாட்டி

ஐயோ. பிள்ளை நன்றாக இருக்கிறாளா? பெரியவரே, நான் எழுதியதை நானே திருத்திக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் அடுப்படியில் தலை சுற்றுகிறது என்று சொல்வோம். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்போம்.

திருவொற்றியூர் தேரடி

நன்றாக இருக்கிறாள் அம்மா, பள்ளிக்குப் போகிறாள். இப்போது குமுட்டி மொட்டை மாடியை விட்டு இறங்குவதில்லை.

வியாசர்பாடிப் பட்டறை

அளவு கொடுத்ததற்கு நன்றி. பாதிப் பேர் படம் கூடத் தராமல் "பொருந்துமா" என்று கேட்கிறார்கள்.

வார்ப்பிரும்பை கிரைண்டரில் அறுக்கலாம், அதில் சிரமம் இல்லை. ஆனால் அறுக்கும்போது ஓரிடத்தில் அதிர்ச்சி பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஓடும். முதல் தீயில் அது வாய் பிளக்கும். பிளந்ததைச் சாதாரண வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தால் நிற்காது. முழுத்துண்டையும் முன்னதாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவைக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புது அடுப்பே வாங்கலாம்.

அதனால் ஒரு கேள்வி. 21 அங்குலம் என்று அளந்தீர்களே, எதிலிருந்து எது வரை? செங்கல்லிலிருந்து செங்கல்லா, பூச்சிலிருந்து பூச்சா? பழைய வீடுகளில் நடுவில் ஒரு தலைமுறை வந்து சிமெண்ட் பூசி, ஓடு ஒட்டிவிட்டுப் போயிருக்கும். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். அடுப்பை வெட்டும் முன் மாடத்தைக் கொத்துங்கள்.

புகைவாய்க்கும் வழி இருக்கிறது. வட்டக் குழாய் வளைவு நுழையாத இடத்தில் தட்டையான பெட்டி நுழையும். உங்கள் 4 அங்குல வட்டத்தின் வாய்ப்பரப்பு பன்னிரண்டரைச் சதுர அங்குலம். 3 அங்குல ஆழம், 6 அங்குல அகலத்தில் ஒரு தகட்டுப் பெட்டி செய்தால் 18 சதுர அங்குலம் கிடைக்கும், புகை தாராளமாகப் போகும். சுவரை ஒட்டியபடி நேராகப் புகைபோக்கிக்குள் ஏற்றிவிடலாம். அடியில் புகைக்கரி தட்டி எடுக்க ஒரு சின்னக் கதவு வையுங்கள்.

தகடு மட்டும் கறுப்புத் தகடாக இருக்கட்டும், 3 மில்லிமீட்டர். பளபளப்பாக இருக்கிறது என்று துத்தநாகம் பூசியதை வாங்காதீர்கள். அந்தப் பூச்சு 420 டிகிரிக்குள் உருகிவிடும், அதற்கும் வெகு மேலே சூடேறினால் வெள்ளைப் புகை விடும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்று இரவே காய்ச்சல் குளிர். எங்கள் பட்டறையில் புதுப் பையன்கள் வெல்டிங்கில் இதைப் பட்டுத்தான் கற்கிறார்கள்.

ராயபுரம் மாடிவீடு (செவ்வாய் இரவு)

பட்டறைக்காரரே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். டொக் டொக் என்று பானை போல் சத்தம் வந்தது. உளியை வைத்ததும் வெள்ளை ஓடு சில்லுச் சில்லாக விழுந்தது, அதன் பின்னால் சிமெண்ட். பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம்! கீழே தரையிலும் ஓடும் அதன் சாந்தும் சேர்ந்து இரண்டரை அங்குலம். அதற்கெல்லாம் அடியில் சுண்ணாம்புப் பூச்சு, அதில் புகைக்கறை. கறையின் மேல் யாரோ விரலால் இழுத்த மூன்று கோடு, திருநீற்றுப் பட்டை போல. பாட்டியாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அந்தத் துண்டை மட்டும் கொத்தாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது மாடத்தின் அகலம் 23½. அடுப்பை வைத்தால் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இடைவெளி. உயரம் 32½, பானைக்கு மேல் அரை அங்குலம் மிச்சம். கால் தப்பியது, விளிம்பும் தப்பியது.

கிரைண்டரை மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காசிமேடு வடக்கு

கேட்கவே மகிழ்ச்சி. கரி எங்கே வாங்கப் போகிறீர்கள்? எங்கள் சின்ன வயதில் துறைமுகச் சாலையில் லாரி குலுங்கினால் கரி விழும், பையன்கள் கோணியோடு காத்திருப்போம். அம்மா காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் நிறத்தில் வரும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் நிலக்கரியும் இரும்புத்தாதும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போன பிறகுதான் எங்கள் தெருவில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்தது. தூசி இப்போது எண்ணூர்க்காரர்கள் வீட்டில். அதை நினைத்தால் மகிழ முடியவில்லை.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

நிலக்கரியே வேண்டாம் தம்பி. அனல்மின் நிலையத்துக்கு வரும் கரியில் நூறு கிலோவுக்கு முப்பது நாற்பது கிலோ சாம்பல்தான். அதை எரிக்க மின்விசிறியும் ஆளும் வேண்டும், உங்கள் கிராதியில் சாம்பல் உருகிக் கிட்டம் கட்டி உட்கார்ந்துவிடும். கந்தக நாற்றம் வேறு, தகட்டையும் அரிக்கும். விறகுத் தொட்டியில் வேலிகாத்தான் மரக்கரி கிடைக்கும், கெட்டியான கரி, நின்று எரியும். அதை வாங்குங்கள்.

ஆனால் உங்கள் ஃபயர்பாக்ஸ், அதாவது கரி எரியும் குழி, நிலக்கரிக்காகச் செய்தது. உள்ளளவு என்ன?

ராயபுரம் மாடிவீடு

அகலம் 14, முன்பின் 10, ஆழம் 7 அங்குலம்.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

ஒரு குடும்பத்துக்கு அது பெரிது. அதில் மரக்கரியைக் கொட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோணி போகும். குறைவாகப் போட்டால் கரி பரந்து கிடந்து அவியும். இரண்டு தீச்செங்கல் வாங்குங்கள். 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்பது வழக்கமான அளவு. இடதும் வலதும் ஒவ்வொன்றை விலாவாட்டமாக நிறுத்துங்கள். அகலம் 14இலிருந்து 8 ஆகிவிடும். நீளத்தில் மிஞ்சும் ஓர் அங்குலத்தையும், செங்கல்லுக்கு மேலே மிஞ்சும் உயரத்தையும் மண் பூசிச் சட்டியின் உட்புறம் போலச் சரித்துவிடுங்கள். கரி தானாக நடுவுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இதில் அடுப்பின் ஒரு துண்டும் வெட்டுப்படாது. நாளைக்கு வேண்டாம் என்றால் செங்கல்லை எடுத்துவிடலாம்.

சாதாரணச் சிமெண்ட் மட்டும் உள்ளே கூடாது. சூட்டில் அதன் ஈரம் போய்ப் பொரிந்து உதிரும்.

கொருக்குப்பேட்டைப் பாட்டி

மண் என் வேலை, நான் சொல்கிறேன். களிமண்ணைக் கட்டி இல்லாமல் நுணுக்கி, ஒரு நாள் ஊறவைத்து மிதி. சலித்த மணல் சேர், உமி சேர், கொஞ்சம் சாணம். உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார். தெறித்தால் மணல் அதிகம், சப்பென்று ஒட்டினால் ஈரம் அதிகம். விரிசல் விடாமல் அமுங்கினால் அதுதான் பதம். ஒரே நாளில் கனமாக அப்பாதே, விரல் கனம் பூசிக் காயவிட்டு, அடுத்த நாள் அதன் மேல் பூசு. வெயிலில் வைக்காதே. நிழலில் காயட்டும். காயும்போது மயிர் போல் வெடிக்கும், கவலைப்படாதே, மண்ணைக் கரைத்து விரலால் மெழுகு. முதல் நாள் வெறும் செத்தைத் தீ, இரண்டாம் நாள் நாலு கரி, மூன்றாம் நாள் சமையல்.

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அந்த முக்கால் அங்குலத்தில் மண்ணை இறுக்கி அடைக்காதே. சலித்த சாம்பலைக் கொட்டு. இரும்பு நெளிந்தால் சாம்பல் இடம் கொடுக்கும்.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

சாம்பல் யோசனை எனக்கே தோன்றவில்லை. அம்மா ஷெட்டில் இருந்திருக்க வேண்டியவர்.

ராயபுரம் மாடிவீடு (அடுத்த ஞாயிறு)

மண் காய்ந்துவிட்டது, பெட்டி பொருத்தியாகிவிட்டது. புகைபோக்கியின் உச்சியை யாரோ ஓடு வைத்துச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். திறந்ததும் உள்ளே மைனாக் கூடு, மூன்று அடுக்கு, எல்லாம் காலி. நீள மூங்கிலில் தென்னந்துடைப்பம் கட்டிப் பெருக்கி இறக்கினேன். பாதி ராயபுரத்தின் கரி என் தலையில்.

காலை எட்டு மணிக்குச் செய்தித்தாளைக் கொளுத்தி மாடத்துக்குள் காட்டினேன். சுடர் உள்ளே வளைந்தது, புகை சர்ரென்று மேலே போனது. அம்மா கைதட்டினார். மதியம் இரண்டு மணிக்குச் சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம் என்று மறுபடியும் கொளுத்தினேன். புகை முழுக்கச் சமையலறைக்குள் திரும்பி வந்தது. எல்லோரும் இருமிக்கொண்டே "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார்கள். என்ன நடந்தது?

காசிமேடு வடக்கு

கடற்காற்று நடந்தது. காலையில் தரைக்காற்று, மதியம் கிழக்கிலிருந்து கடற்காற்று இறங்கும். உங்களுக்குக் கிழக்கே புதுக் கட்டடம் ஏதாவது எழும்பியிருக்கிறதா?

ராயபுரம் மாடிவீடு

ஆம். பக்கத்து மனையில் மூன்று மாடி. எங்கள் புகைபோக்கியைவிட உயரம்.

காசிமேடு வடக்கு

அதேதான். காற்று அந்தக் கட்டடத்தைத் தாண்டி உங்கள் பக்கம் சுழன்று விழுகிறது, உங்கள் புகைபோக்கிக்குள் நேராக இறங்குகிறது. பாய்மரப் படகில் பாயின் மறைவில் இந்தச் சுழியைப் பார்த்திருக்கிறோம்.

பேசின் பிரிட்ஜ் ஓய்வு

இதைச் சரிசெய்யாமல் கரி போடவே கூடாது. காற்று திரும்பினால் புகை மட்டுமல்ல, அந்த மணமில்லாத சனியனும் திரும்பும். மரக்கரியில் அது திரும்பி வருவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வியாசர்பாடிப் பட்டறை

உச்சியில் அந்தச் சுழிக்கு மேலே போகிற மாதிரி குழாய் ஏற்ற வேண்டும். பக்கத்துச் சுவரில் பிடிமானம் கேளுங்கள், புயலுக்குத் தாங்க மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்கள். மேலே மழைத் தொப்பி. தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவில் குழாயின் விட்டத்தில் பாதியாவது இடைவெளி இருக்கட்டும். புகை அவர்கள் சன்னலுக்குள் போகாதபடி முதலிலேயே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

ராயபுரம் மாடிவீடு (இரண்டு வாரம் கழித்து)

பேசினேன். பக்கத்து வீட்டு அக்கா முதலில் முறைத்தார். ஞாயிறு தோறும் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் என்று முடிவானது. குழாய் ஏறிவிட்டது. காலை எட்டு, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நான்கு நாள் ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன், மூன்று வேளையும் மேலேதான் போகிறது. சன்னலின் ஒரு கதவைக் கழற்றியே வைத்துவிட்டேன், இனி யாரும் சாத்த முடியாது. மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டினேன்.

நேற்றுதான் முதல் சமையல். விடியற்காலை ஐந்துக்குப் பற்றவைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன் பெரியவரே, கங்குக்கு மேல் நீங்கள் சொன்ன அந்த நீல நாக்கு. பெட்டியின் வாயை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஆறு மணி நேரம் கொதித்த ஆட்டுக்காலில் எலும்பு தானாகக் கழன்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. தரையைத் தோண்டியதில் மாடத்தின் முன்விளிம்பு உயர்ந்து நிற்கிறது. சாம்பல் தட்டை வெளியே இழுக்கும்போது கால் அங்குலம் இடிக்கிறது. கிரைண்டரை மறுபடியும் வாங்கி வரவா?

வியாசர்பாடிப் பட்டறை

அடுப்பில் கை வைக்காதீர்கள். தட்டைக் கொண்டு வாருங்கள், கைப்பிடிப் பக்கம் மடித்துத் தருகிறேன். கூலிக்கு ஒரு கிண்ணம் போதும்.